சாய் மாய்: அம்மாவோடு துருக்கியில் ஏழு நாள்

முதல் நாள். சனி, நவம்பர் 4, 2023. இஸ்தான்புல்

இன்றைக்கே எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்று தெரியும், அதனால் கண் சொக்கினாலும் பரவாயில்லை. மதுரையில் வீட்டைப் பூட்டியதிலிருந்து இங்கே லாட்ஜ் கட்டிலில் காலை நீட்டியது வரை கணக்குப் போட்டால் ஒன்றரை நாள். விசாவுக்கு அலைந்த கதையைச் சொன்னால் அதற்கே ஏழு நாள் ஆகும், விட்டுவிடுகிறேன்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வயது 64, முழங்கால் வலி, சுத்த சைவம், புடவை தவிர வேறெதுவும் உடுத்த மாட்டாள். புடவைக்கு மேல் தம்பியின் ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும். இந்தக் கோலத்தில் இஸ்தான்புல் விமான நிலையத்தில் நடந்து வந்தபோது துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அம்மாவும் கும்பிட்டாள். நான் நாலு மாதமாக மொபைல் செயலியில் துருக்கி மொழி படித்துவிட்டு அங்கே வாய் திறக்காமல் நின்றேன்.

பேருந்தில் இறங்கி லாட்ஜ் வரை ஒரு டாக்ஸி. ஐந்து நிமிட தூரத்தை அந்த ஆள் இருபது நிமிடம் சுற்றிக் காட்டி, கேட்டதை வாங்கிக்கொண்டு போனார், பாதிக்கு மேல் தண்டம் என்று லாட்ஜில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒரு லிரா மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே இருந்ததால் எனக்கு வயிறு எரிந்தது. "மொய் எழுதினதா நெனச்சுக்கடி" என்று அம்மா குளிக்கப் போய்விட்டாள்.

ஊர் முழுக்கச் சிவப்புக் கொடி, கொடிக்குப் பக்கத்தில் 100 என்ற எண். அக்டோபர் 29 அன்றுதான் குடியரசுக்கு நூறு வயது முடிந்திருக்கிறது. கூடவே நாலு மாடி உயரத்துக்கு ஒரே ஒருவருடைய படம். "யாருடி இது, எம்எல்ஏவா?" என்றாள் அம்மா. முஸ்தபா கெமால் என்றேன், அத்தாதுர்க், துருக்கியரின் தந்தை என்று அர்த்தம், 1934இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டபோது நாடாளுமன்றம் அவருக்குக் கொடுத்த பெயர் என்றேன். அதுவரைக்கும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. "நம்மளை இனிஷியலோட விட்டுட்டாங்க, புண்ணியவான்கள்" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப்போனாள். விசா படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள். ஞாயிறு

இன்றைக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். அதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. காலையில் எமினோனு படகுத்துறையில் ஏறி எதிர்க்கரை போய் மறுபடி இந்தக் கரை வந்தோம், அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதால் மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தடவை. ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்க இருபது நிமிடம். நம்ம டவுன் பஸ் மாதிரிதான், அட்டையைக் காட்டிவிட்டு ஏற வேண்டியது, மேல்தட்டில் உட்கார வேண்டியது, எள் ஒட்டிய சிமித் என்ற வளைய ரொட்டியைப் பிய்த்துத் தூக்கிப் போட்டால் கடற்காகங்கள் அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போகும். கரையில் இருக்கும் பாலத்தின் பெயர் கலாட்டா. பெயருக்கு ஏற்ற மாதிரி அதன் மேல் தூண்டிலும் வாளியுமாக வரிசையாக ஆட்கள் நிற்க, நடக்கிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போகப் படாதபாடு.

படகில் டீ விற்கிறவரிடம் நான்கு மாதப் படிப்பைப் பரீட்சை பார்த்தேன். பால் விட்டது உண்டா என்று கேட்க "சூத்லூ சாய் வார் மெ?" அவர் புருவத்தை மேலே தூக்கி நாக்கால் "ச்சு" என்றார். அவ்வளவுதான் பதில். "ஏண்டி, பையன் எதுக்கு நம்மளைப் பார்த்துப் பரிதாபப்படுறான்?" என்று அம்மா கேட்டாள். அது பரிதாபம் இல்லையாம்மா, இந்த ஊரில் 'இல்லை' என்பதற்கு அப்படித்தான். தலையை மேலே ஆட்டினால் இல்லை. நாம் பக்கவாட்டில் தலையாட்டுவது அவர்களுக்கு என்னவாகத் தெரிகிறதோ, அம்மா ஆட்டும்போதெல்லாம் ஒரு நொடி முழிக்கிறார்கள்.

டீ வந்தது. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை, பிடி கிடையாது, விளிம்பில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி. நல்ல டீயின் நிறத்தை முயல் ரத்தம் என்று சொல்வார்களாம், அதை அம்மாவிடம் மொழிபெயர்க்கவில்லை.

சரி, இந்த மொழி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பயணமே அதனால்தான் வந்தது. எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெர்தெ, வீடுகளில். பெயருக்குப் பின்னால் பன்மை, பன்மைக்குப் பின்னால் வேற்றுமை உருபு. வினை கடைசியில் வரும். கேள்வி கேட்க நாம் 'ஆ' சேர்க்கிற இடத்தில் அவர்கள் 'மி' போடுகிறார்கள். வார் என்றால் உண்டு, யோக் என்றால் இல்லை, இரண்டும் தனியாகவே ஒரு வாக்கியம். செயலியில் படிக்கும்போது பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தை யாரோ வேறு சட்டை போட்டு அனுப்பியது போல இருந்தது. உறவு என்று சொல்ல வரவில்லை, அது பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் பேச வேண்டிய விஷயம், வார்த்தைகள் எதுவும் ஒத்துப்போகாது. அவன், அவள், அது மூன்றுக்குமே அவர்களிடம் ஒரே 'ஓ' தான். ஆனால் அடுக்கு ஒன்றாக இருக்கிறது.

அந்தப் படகில் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர் கூட வந்தவரிடம் "சாய் மாய் இச்செலிம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ கீ குடிப்போம். கிதாப் மிதாப் என்றால் புத்தகம் கித்தகம். நாம் 'கி' போடுகிற இடத்தில் அவர்களுக்கு 'மி', 'மா'. இதைச் சொன்னதும் அம்மா ஒரு மணி நேரம் இட்லி மிட்லி, தோசை மோசை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ராத்திரிச் சாப்பாடு ஒரு கூத்து. "எத் யோக்" என்று தெளிவாகச் சொன்னேன், கறி இல்லாமல். கோழி வந்தது. இங்கே எத் என்றால் ஆடு, மாடுதான், கோழி அந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது தடவை கோழி யோக், மீன் யோக் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது கடைக்காரர் உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டிவந்துவிட்டார். அந்தப் பெண் அம்மாவை "தெய்ஸெ" என்று கூப்பிட்டார். தெய்ஸெ என்றால் அம்மாவுடன் பிறந்தவள், பெரியம்மாவும் சித்தியும் அதில் அடக்கம். அப்பாவுடன் பிறந்த அத்தை 'ஹாலா', தாய்மாமன் 'தாயி', சித்தப்பா பெரியப்பா 'அம்ஜா'. தெருவில் தெரியாத ஆளையும் அண்ணே, அக்கா மாதிரி 'ஆபி', 'ஆப்லா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எலும்புச் சாறு சேர்க்காத பருப்பு சூப் தனியாக வைத்துக் கொடுத்தார், மைசூர்ப் பருப்பைக் கரைய வேகவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தது. "பருப்புத் தண்ணிதான், தாளிக்க மறந்துட்டா" என்று சொன்னாலும் அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

மூன்றாம் நாள். திங்கள்

ஆயா சோஃபியா வாசலில் வரிசை, வரிசைக்குள் வரிசை. அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், எனக்குத்தான் துப்பட்டா வாங்க ஓட வேண்டியிருந்தது. பேரரசர் ஜஸ்டினியன் 537இல் கட்டி முடித்த தேவாலயம், 1453இல் மசூதி, 1935இலிருந்து அருங்காட்சியகம், 2020இல் மறுபடி மசூதி. இந்த நாலு தேதியையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். 558இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு குவிமாடம் சரிந்து விழுந்தது, இப்போது நாம் அண்ணாந்து பார்ப்பது அப்புறம் இன்னும் உயரமாக எழுப்பியது என்பது எனக்குப் புதுசு. மேலே நாற்பது ஜன்னல், வெளிச்சம் அந்த வளையத்தில் நுழைகிறபோது குவிமாடம் எதன் மேலும் உட்காராமல் நிற்கிற மாதிரி ஒரு மயக்கம் வருகிறது. கன்னி மரியாளின் பழைய சித்திரத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டியிருக்கிறார்கள்.

பச்சைக் கம்பளத்தில் அம்மா சப்பணமிட்டு உட்கார்ந்தாள், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "உட்கார இடம் இருந்தாத்தான் கோயில்" என்பது அவளுடைய தீர்ப்பு. வெளியே ஒரு நீரூற்றில் அரபு எழுத்தில் செதுக்கியிருந்ததைப் படிக்கச் சொல்லி லாட்ஜ் பையனைக் கேட்டேன், கூட வந்திருந்தான், கல்லூரியில் படிக்கிறவன். தெரியாது என்றான். அது துருக்கி மொழிதான், ஆனால் 1928இல் எழுத்தை லத்தீனுக்கு மாற்றிவிட்டார்கள், தன் கொள்ளுத் தாத்தா கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று தன்னால் படிக்க முடியாது என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அது சாதாரணமாகப் போகவில்லை.

பெரிய பஜாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைகளை வெளியே அனுப்புவதற்கு முந்தைய புதுமண்டபத்தை எடுத்து நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். "நமஸ்தே, ஷாருக் கான்!" என்று கூப்பிடுகிறார்கள். அம்மா நீலக்கண் மணி ஒன்று வாங்கினாள், அவர்கள் 'நஸர்' என்கிறார்கள், நமக்குத் திருஷ்டி. விலையைக் குறைக்க அவள் தமிழிலேயே பேசினாள், குறைத்தார்கள்.

இப்போது ராத்திரிப் பேருந்தில் இருந்து எழுதுகிறேன், கப்படோக்கியாவுக்கு. டிக்கெட் போடும்போதே ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள், உறவில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் முவாவின் வந்தார், நம்ம ஊர் கிளீனர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெள்ளைச் சட்டை, டை எல்லாம் உண்டு. கையில் ஒரு பாட்டில். ஒவ்வொரு வரிசையாக நின்று குவித்த உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டே வந்தார். அம்மா கையைக் குவித்தாள், வாங்கினாள், அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள். நான் கத்தியதில் முன்சீட்டில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது. அது கொலோன்யா, எலுமிச்சை வாசனையுள்ள கொலோன், 80 டிகிரி ஆல்கஹால், கையில் தேய்த்துக்கொள்ளக் கொடுப்பது. "குடுக்கிறது என்னவோ தீர்த்தம் குடுக்கிற மாதிரிதானே குடுத்தான்" என்றாள் அம்மா. அதுவும் நியாயம்தான். இரண்டாவது தடவை முவாவின் வந்தபோது அம்மாவைப் பார்த்துத் தன் கைகளைத் தேய்த்து நடித்துக் காட்டிவிட்டு ஊற்றினார்.

நான்காம் நாள். செவ்வாய். கோரெமே, கப்படோக்கியா

எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையாகி, மழையும் காற்றும் அரித்து, ஊர் முழுக்கக் கூம்பு கூம்பாக நிற்கிறது. பெரி பாஜாஸெ என்கிறார்கள், தேவதைப் புகைபோக்கி. கத்தியால் செதுக்க வருகிற கல் என்பதால் ஆட்கள் உள்ளே குடைந்து வீடும் தேவாலயமும் புறாக்கூடும் கட்டிவிட்டார்கள். எங்கள் அறையும் குகைதான். சுவரைத் தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது.

தங்கும் இடத்தை நடத்துகிற ஆப்லாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலைச் சாப்பாடு என்று அவர் கொண்டுவந்து பரப்பியதில் மேசை தெரியவில்லை. நாலு வகை ஆலிவ், பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, தேன், தக்காளியோடு முட்டை உடைத்து ஊற்றிய மெனெமென். அம்மாவுக்கு முட்டையும் ஆகாது என்று தெரிந்ததும் உருளைக்கிழங்கு வைத்த கொஸ்லெமெ, நம்ம ஆலு பரோட்டாவின் ஒல்லியான தங்கை, சுடச்சுட. சாப்பிடும்போது என் கை பட்டு ஒரு ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. ஆப்லா குனிந்து எடுத்தார், உதட்டில் வைத்து முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றிக்கொண்டார், ஜன்னல் விளிம்பில் பறவைகளுக்காக வைத்தார். எல்லாம் மூன்று நொடி, பேச்சை நிறுத்தக்கூட இல்லை. புத்தகத்தை மிதித்துவிட்டால் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதே வேகம். அம்மா என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு அர்த்தம் "நீ அரிசியைச் சிந்திட்டு மிதிச்சுட்டுப் போவியே" என்பது.

அம்மா மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆப்லா "கெச்மிஷ் ஒல்சுன்" என்றார். உடம்பு முடியாதவர்களிடம் சொல்வது, கடந்துபோனதாகட்டும் என்று அர்த்தம். மருந்து தருகிறேன், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று எதுவும் சொல்லும் முன்னால் முதலில் இந்த வார்த்தை.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் மூடிய தட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால் ரவா கேசரி! கேசரிப் பவுடர் இல்லாமல் ரவையைப் பழுப்பாக வறுத்து, முந்திரிக்குப் பதில் பைன் கொட்டை. இர்மிக் ஹெல்வா. நாலு நாளாக இனிப்பில் பிஸ்தாவைத் தவிர வேறு பார்க்காத அம்மா ஸ்பூனை எதிர்பார்க்காமல் விரலால் எடுத்து வாயில் போட்டு, என்ன விசேஷம் என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். ஆப்லா மேலத்தெருவைக் கைகாட்டி, ஒரு வயதான அம்ஜா என்று ஆரம்பித்து, "ஒல்முஷ்" என்றார்.

இறந்துட்டாராம்.

இதைச் செயலியில் படித்திருக்கிறேன், காதில் விழுந்தது இதுதான் முதல் தடவை. கண்ணால் பார்த்திருந்தால் 'ஒல்து', இறந்தார். கேள்விப்பட்டதோ, தான் பார்க்காமல் நடந்து முடிந்து இப்போதுதான் தெரியவந்ததோ என்றால் 'ஒல்முஷ்'. கெல்தி, வந்தான். கெல்மிஷ், வந்தானாம், அல்லது வந்துட்டான் போல. நாம் 'ஆம்' ஒட்டுகிற அதே இடம், சில சமயம் 'போல' சொல்கிற இடமும் அதுவே. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும். செத்த வீட்டில் ரவையை வறுத்து ஹெல்வா கிளறி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கமாம். நம் பக்கத்தில் அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டோம். அம்மா விரலைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். "வயசானவர்தானே, கல்யாணச் சாவு" என்று சொல்லி மீதியையும் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள். புதன்

காலை நாலரைக்கு எழுந்து வெப்பக்காற்று பலூனில் ஏறத் தயாராக நின்றோம். பலூன் பறக்கவில்லை. காற்று அதிகம், விமானப் போக்குவரத்துத் துறை அனுமதி தந்தால்தான் ஏற்றுவார்கள், இன்று தரவில்லை. பணம் திரும்பி வரும். அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி, எனக்கு உள்ளூர அழுகை. படத்தில் பார்க்கிற அந்த நூறு பலூன் வானத்தை நான் பார்க்கவில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் தோல்முஷ் பிடித்து நெவ்ஷெஹிர் போய் அங்கிருந்து தெரின்குயு. தோல்முஷ் என்பது நம்ம ஷேர் ஆட்டோவின் வேன் வடிவம். பெயருக்கு அர்த்தம் 'நிரம்பியது', அதிலும் அதே முஷ், முன்னால் வருகிற உயிரெழுத்தைப் பார்த்து மிஷ், முஷ் என்று மாறும். ஆள் நிரம்பும் வரை வண்டி நகராது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள், சண்டை போட முடியாது. பின்சீட்டில் இருந்து காசு கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது.

தெரின்குயு என்றால் ஆழக்கிணறு. பூமிக்கடியில் குடைந்த ஊர், சுமார் 85 மீட்டர் ஆழம். 1963இல் ஒருவர் தன் வீட்டுச் சுவரை இடித்தபோது உள்ளே இன்னொரு அறை, அதற்குள் இன்னொரு வழி என்று வெளிப்பட்டதாகச் சொல்கிறார்கள். தொழுவம், திராட்சை மிதிக்கும் தொட்டி, காற்றுக்குழாய், எதிரி வந்தால் உருட்டி அடைக்க ஆட்டுக்கல் போல நடுவில் ஓட்டை உள்ள பெரிய வட்டக்கல். சில இடங்களில் குனிந்து, முதுகு உரச, ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். நாலாவது தளத்தில் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஆகி ஏறி வந்துவிட்டேன், மீதியைப் பார்க்கவில்லை.

மேலே அம்மா பொம்மை விற்கிற இரண்டு பாட்டிகளோடு உட்கார்ந்து அவர்கள் பின்னல் ஊசியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள். வியாழன். கொன்யா

காலைப் பேருந்தில் மூன்றரை மணி நேரம், சமவெளி, சமவெளி, மறுபடி சமவெளி.

மெவ்லானா என்று இங்கே அழைக்கப்படும் சூஃபிக் கவிஞர் ரூமியின் அடக்கத்தலம், நீலப்பச்சைக் கூம்புக்குக் கீழே. 1925இல் சூஃபி மடங்களையெல்லாம் சட்டம் போட்டு மூடினார்கள், இது அருங்காட்சியகம் ஆனது, பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே நிற்கிறவர்கள் யாரும் அருங்காட்சியகத்தில் நிற்கிற மாதிரி நிற்கவில்லை, கை ஏந்தி, உதடு அசைய நிற்கிறார்கள். அவர் இறந்தது 1273 டிசம்பர் 17. அந்த இரவை ஷெப்-இ ஆரூஸ், திருமண இரவு என்கிறார்கள். நாகூர் உரூஸில் இருக்கிறதும் இதே திருமணச் சொல்தான். "நேத்து நான் சொன்ன கல்யாணச் சாவுதான்" என்றாள் அம்மா, நேற்றில்லை, முந்தாநாள், ஆனால் நான் திருத்தவில்லை.

சுழன்றாடும் சேமாவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, நாங்கள் வந்த நாளில் இல்லை. எனக்கு மட்டும் எத்லி எக்மெக், கை நீளத்துக்கு மெல்லிய ரொட்டியில் கொத்துக்கறி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அய்ரான் குடித்தாள். மோர்தான், உப்பு உண்டு, கறிவேப்பிலை யோக், பெருங்காயம் யோக். இதை அம்மாவே சொன்னாள்.

இப்போது அதிவேக ரயிலில் இஸ்தான்புல் திரும்புகிறோம். ஆசியப் பக்கம் இறங்கி காதிக்கோய் என்ற இடத்தில் தங்கல். காதி என்றால் காஜி, கோய் என்றால் ஊர். காஜிமார் தெரு இருக்கிற மதுரையிலிருந்து வந்து காஜியூர் போகிறோம்.

ஏழாம் நாள். வெள்ளி, நவம்பர் 10

ராத்திரி விமானம். காலையில் படகுத்துறைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு டீ கீ என்று சொல்லிவைத்தோம். டீக்காரருக்கு எழுபது இருக்கும். மூன்று கம்பியில் தொங்கும் தட்டு, அதில் ஏழெட்டுக் குவளை, கூட்டத்துக்குள் வீசி நடந்தாலும் ஒரு சொட்டு சிந்துவதில்லை. எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

சரியாக 9.05க்குச் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது, ஊர் முழுக்க ஒரே சுருதியில், அதற்கு மேல் நீரிணையில் நின்ற படகுகள் எல்லாம் ஹாரனை அழுத்திப் பிடிக்க, அம்மா என் கையைப் பிடித்தாள். 1938இல் இதே நாள் இதே நிமிடத்தில் அத்தாதுர்க் இறந்தார் என்று படித்திருக்கிறேன், மறந்தே போயிருந்தேன். பேருந்து நடுரோட்டில் நின்றது. டாக்ஸிகளில் இருந்து டிரைவர்கள் இறங்கிக் கதவுப் பக்கம் நின்றார்கள். சிமித் வண்டிக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். ஓடி வந்துகொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஒரு காலை முன்வைத்த நிலையிலேயே நின்றுவிட்டாள். ஒருவர் மட்டும் நிற்காமல் நடந்து போனார், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, இந்த நாட்டில் அந்த மனிதரைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை என்பதும் தெரிந்ததுதான். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், நானும்.

டீக்காரர் எங்களுக்கு ஆறடி தள்ளி நின்றார். தட்டு மெல்ல மெல்ல ஆடி ஓய்ந்தது. குவளைகளில் இருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

சங்கு நின்றதும் பேருந்து உறுமியது, பள்ளிக்கூடப் பெண் விட்ட இடத்திலிருந்து ஓடினாள். டீக்காரர் வந்து தட்டை இறக்கினார், அம்மாவுக்கு ஒரு குவளையை எடுக்கப் போனவர் விரலால் தொட்டுப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார்.

"சோவுமுஷ், தெய்ஸெ" என்றார்.

"ஆறிடுச்சாம்" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா அந்தக் குவளையை வாங்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.